பாய்ச்சல்காரனுக்கு ஏன் பயம்?

கிரேஹவுண்ட் வளர்ப்பவர்களும் வளர்க்க ஆசைப்படுபவர்களும் அனுப்பிய கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

எஸ்.ஆர்., ஈஸ்ட்ஹாம்: மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற நாய், எங்கள் வீட்டு மாடிப்படியைக் கண்டால் நடுங்குகிறது. ஏன் அண்ணை?

பந்தயத் திடலில் மாடிப்படி கிடையாது. கொட்டிலிலும் கிடையாது. படி, கண்ணாடிக் கதவு, வழுக்குகிற தரை, தொலைக்காட்சிக்குள் ஓடுகிற குதிரை, குலுங்குகிற சலவை இயந்திரம் எல்லாமே அதற்கு முதல் தரிசனம். மூன்று, நான்கு வயதில் ஓய்வு பெற்று வருகிற நாய், வீடு என்ற பாடத்தை அன்றைக்குத்தான் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது.

இழுக்காதீர்கள். படிகளில் வழுக்காத விரிப்பு போடுங்கள். ஒருவர் முன்னால் நின்று கழுத்துப்பட்டையைத் தளர்வாகப் பிடிக்கட்டும். இன்னொருவர் பின்னால் நின்று உடம்பால் அணை கொடுத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி அடுத்த படியில் வைக்கட்டும். ஏறுவது சீக்கிரம் வந்துவிடும். இறங்கும்போதுதான் மொத்தப் படியையும் ஒரே தாவில் முடிக்கப் பார்க்கும், அங்கே இரட்டைக் கவனம். அவித்த கோழித் துண்டு கையில் இருந்தால் பாதிப் பயம் வாசனையிலேயே போய்விடும்.

கே.வி., கோவை: அப்படியானால் கிரேஹவுண்ட் கோழைதானே?

முதன்முதலாக எஸ்கலேட்டர் முன்னால் நின்றபோது உங்கள் கால் எத்தனை தடவை முன்னே போய்ப் பின்னே வந்தது? அதே தயக்கம்தான் இது. உங்களை யாரும் கோழை என்று சொல்லவில்லையே.

தி.ந., டப்ளின்: வேலைக்குக் கிளம்பினால் ஊளையிடுகிறது. கதவைப் பிறாண்டிக் குதறியிருக்கிறது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். என்ன செய்வது?

பந்தயக் கொட்டிலில் தனிமை என்ற ஒன்றே கிடையாது. பக்கத்துக் கூண்டில் ஒருவன், எதிர்க் கூண்டில் ஒருத்தி. நடுராத்திரியில் கண் விழித்தாலும் சுற்றிலும் மூச்சுச் சத்தம். உங்கள் வீட்டில் பகல் முழுக்கக் கேட்பது ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும். ஊளை என்பது ஆள் கூப்பிடுவது. சேட்டை என்று எடுத்துக்கொண்டால் வைத்தியம் தப்பாகப் போகும்.

சாவிக்கொத்தைக் கையில் எடுங்கள், திரும்ப மாட்டுங்கள், உட்காருங்கள். ஷூ போட்டுக்கொண்டு தேநீர் குடியுங்கள். சாவிச் சத்தம் கேட்டும் நாய் தலை தூக்காத நாள் வரும்வரை இதுதான் பாடம். பிறகு கதவுக்கு வெளியே 10 வினாடி. அது பதறும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். அப்புறம் 30 வினாடி, 1 நிமிடம், 2 நிமிடம். பழைய கைபேசியின் கேமராவை அறையில் வைத்துவிட்டு வெளியே நின்று பாருங்கள். மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், கதவையே வெறித்த பார்வை தெரிந்தால் நேரம் அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். பெரும்பாலான நாய்களுக்குப் பதற்றம் உச்சத்துக்குப் போவது முதல் அரை மணி நேரத்தில். அதை நிம்மதியாகக் கடக்கப் பழகினால் மீதி நேரம் தூக்கம்தான்.

இந்தப் பயிற்சி முடியும்வரை நாயைத் தனியே விடாதீர்கள். ஒவ்வொரு பீதியும் முந்தைய வாரப் பாடத்தை அழித்துவிடும். விடுப்பு, வீட்டிலிருந்து வேலை, பக்கத்து வீட்டுப் பாட்டி, நண்பர்கள் என்று மாற்றி மாற்றி ஏற்பாடு செய்யுங்கள். கல்யாணத்துக்கு 400 பேரைத் திரட்டத் தெரிந்த சமூகத்துக்கு, நாய்க்குத் துணையாக நான்கு பேர் கிடைக்க மாட்டார்களா?

அதே வாசகர்: கூண்டில் பூட்டிவிட்டுப் போகலாமா?

கூண்டு பழகிய நாய் என்பதால் சில அதில் நிம்மதியாகச் சுருண்டு படுக்கும். அடைபட்டதால் பீதி கூடுகிற நாய், கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். கதவைத் திறந்தே வையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுத்தால் அது அறை. தள்ளி மூட வேண்டியிருந்தால் அது சிறை.

ஆர்.பி., மெல்போர்ன்: சோபாவைக் கிழித்துவிட்டு, நான் வந்ததும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. தப்பு என்று தெரிந்துதானே செய்கிறது?

அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தைத் தின்ற நாயும் திட்டு வாங்கியதும் அதே முகத்தைக் காட்டியது. தின்னாத நாயும் திட்டு வாங்கியதும் அதே முகத்தைக் காட்டியது. அது குற்றப் பத்திரிகைக்குக் கையெழுத்து இல்லை. உங்கள் குரலுக்கும் முகத்துக்கும் பயந்து நிற்கிறது, அவ்வளவுதான். சோபாவுக்கு உறை மாற்றலாம். திட்டினால் அடுத்த முறை உங்கள் வருகைக்கே பயப்படும். போகும்போது ஒரு பயம், வரும்போது ஒரு பயம் என்று இரண்டாகிவிடும்.

ஜி.எம்., லெஸ்டர்: துணைக்கு இன்னொரு கிரேஹவுண்ட் வாங்கினால் சரியாகிவிடுமா?

சில வீடுகளில் ஆகும். நாய் ஏங்குவது நாய்க்கா, உங்களுக்கா என்று முதலில் தெரிய வேண்டும். நண்பரின் நாயை ஒரு பகல் கொண்டுவந்து விட்டு, வெளியே நின்று கேமராவில் பாருங்கள். அப்போதும் ஊளையிட்டால் அது தேடுவது உங்களை. இரண்டாவது நாய் வந்தால் ஊளைக்குப் பின்பாட்டும் கிடைக்கும்.

பி.கே., மதுரை: பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பயம் உணர்ச்சி. வட்டி போட்டு வளர்க்க அது வங்கிக் கணக்கில்லை. நாய் உங்களிடம் வந்து ஒட்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொண்டால் மட்டும் தேடிப்போய் இழுத்து அணைக்காதீர்கள்.

சி.த., வெண்ட்வொர்த்வில்: நடைப் பயிற்சிக்குப் போனால் நடு வழியில் சிலை போல நின்றுவிடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை.

கிரேஹவுண்ட்காரர்கள் அத்தனை பேரும் பார்த்த காட்சி. குப்பை வண்டி, காற்றில் ஆடுகிற பிளாஸ்டிக் பை, தெரியாத தெரு முனை என்று அளவுக்கு மேல் ஏதோ ஒன்று தலையில் ஏறிவிட்டது. 30 கிலோ எடை நான்கு காலையும் ஊன்றி நிற்கும்போது கயிறிழுப்புப் போட்டியில் உங்களுக்குத்தான் தோல்வி. வாரைத் தளர்த்துங்கள். பக்கவாட்டில் ஒரு வளைவு நடந்து வேறு பக்கம் திருப்புங்கள். வந்த வழியே வீட்டுக்குப் போக விரும்பினால் போய்விடுங்கள். சில வாரங்களுக்கு ஒரே தெரு, ஒரே நேரம் போதும்.

ஆனால் முதல் வேலை, பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். கிரேஹவுண்டுக்குப் பாதத் திண்டில் ஆணி வருவது சகஜம். பட்டாணியைவிடச் சிறிய வட்டமாக, கெட்டியாக, சுற்றியுள்ள தோலிலிருந்து நிறம் மாறித் தெரியும். புல்லில் நடந்து, சிமெண்டு தரையில் மட்டும் நின்றால் அதன் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். வலியைப் பயம் என்று நினைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் அது அந்த நாய்க்குச் செய்கிற அநியாயம்.

எல்.எஸ்., பர்மிங்ஹாம்: தூங்கும்போது என் மகன் கட்டிப்பிடித்தான். உறுமிப் பாய்ந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆபத்தான நாயா?

கிரேஹவுண்ட் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். அதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். கொட்டிலில் அதன் படுக்கை அதற்கே சொந்தம். தூக்கத்தில் ஒருவரும் தொட்டதில்லை. திடுக்கிட்டு எழும் அந்த ஒரு கணத்தில் மகன் யார், மற்றவன் யார் என்று அதற்குத் தெரியாது.

மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் படுக்கை போடுங்கள். எழுப்ப வேண்டுமானால் தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். படுக்கையில் இருக்கும்போது பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. இதில் தள்ளுபடி, சலுகை ஒன்றும் இல்லை. உறுமியதற்காக நாயை அடித்துவிடாதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி. மணியைப் பிடுங்கிவிட்டால் அடுத்த முறை நேரே பல்தான்.

என்.டி., திருச்சி: 'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை' என்பார்கள். லண்டனில் என் அக்கா வீட்டு கிரேஹவுண்ட் நாள் முழுக்கத் தூங்குகிறதாமே? மனச்சோர்வா?

பழமொழி சொன்னவர் கிரேஹவுண்டைப் பார்த்ததில்லை. ஒரு நாளில் பெரும் பகுதியைச் சோபாவில் கழிப்பது அதன் குலவழக்கம். மல்லாந்து நான்கு காலும் ஆகாயத்தைப் பார்த்தபடி தூங்கினால் நிம்மதியின் உச்சம். சாப்பாட்டை ஒதுக்கி, அழைத்தாலும் வராமல், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தால்தான் கவலை.

வி.ஏ., குரோய்டன்: நான் வீட்டுக்கு வந்ததும் பற்களைக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. குளிரா, பயமா?

சந்தோஷம். உங்களைப் பார்த்துத்தான். வாலும் ஆடுகிறதா பாருங்கள், ஆடும். வரவேற்பு ஓய்ந்த பின்னும், சாப்பிடும்போதும் அப்படிச் செய்தால் பல் மருத்துவம் பாருங்கள். இந்த இனத்துக்குப் பல் நோய் அதிகம்.

அதே வாசகி: உடம்பு நடுங்கினால்?

மெல்லிய ரோமம், கொழுப்பில்லாத உடம்பு. முதலில் கோட்டுப் போடுங்கள். கோட்டுக்குள்ளும் நடுங்கினால் பயமா, வலியா என்று தேடுங்கள். பயத்துக்கு வேறு சாட்சிகளும் கூடவே வரும்: உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்க்கும். வாலை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். கிரேஹவுண்டின் வால் சும்மா இருக்கும்போதே காலுக்கிடையில்தான் தொங்கும்.

கே.எஸ்., ஹாரோ: தீபாவளியும் நவம்பர் 5-ஆம் தேதி வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வருகின்றன. எங்கள் நாய்க்கு அந்த மாதமே நரகம்.

இங்கிலாந்தில் வழக்கமாக இரவு 11 மணிக்கு மேல் வெடி கூடாது. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரை, தீபாவளிக்கு அதிகாலை 1 மணி வரை சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே அக்டோபரிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

வீட்டின் உள்ளறையில், ஜன்னலில் கனமான திரை, விளக்கு, மின்விசிறி இரைச்சல், அதற்குப் பிடித்த போர்வை. நடை வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும். இருட்டியபின் தோட்டத்துக்குப் போனாலும் வார் கட்டித்தான். ஒரு ராக்கெட் சத்தத்துக்கு அது வேலியைத் தாண்டினால், அடுத்த நிமிடம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும்.

கழுத்துப்பட்டையில் ஒரு முக்கியமான சங்கதி. கிரேஹவுண்டின் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரணப் பட்டையைப் போட்டால் பயந்து பின்வாங்கும்போது ஒரே உருவலில் கழன்று வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகுகிற, அகலமான மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் நிற்கும்படி மாட்டி, தலைவழியாக உருவ முடிகிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். கூடவே உடம்புப் பட்டையும் போட்டு வாரை இரண்டிலும் கோத்தால் நிம்மதி.

மா.கு., சிவகாசி: என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. இந்த யோசனை எல்லாம் அதற்கும் பொருந்துமா சார்?

பொருந்தும். சிப்பிப்பாறையும் கன்னியும் கிரேஹவுண்டைப் போலவே கண்ணால் பார்த்து விரட்டும் இனம். ஒல்லி உடம்பு, மெல்லிய ரோமம், திடீர்ச் சலனத்துக்குத் துள்ளும் சுபாவம். இராஜபாளையம் நாயும் சிவகாசி வெடியும் ஒரே விருதுநகர் மாவட்டத்துச் சரக்கு. அதற்காக நாய் வெடிக்குப் பழகிப் பிறப்பதில்லை. தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். ஊர் அதை மதிக்காது என்பது உங்களுக்கே தெரியும். விடியற்காலை 5 மணிக்கு முன் ஒரு நடை, பட்டப்பகலில் ஒரு நடை. மற்ற நேரம் உள்ளறை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் வெளியே இழுக்காதீர்கள், அங்கேயே ஒரு பாய் விரியுங்கள்.

உ.ரா., திண்டுக்கல்: பயந்த நாய்க்கு வேப்பிலை அடிக்கலாமா?

நாய் விஷயத்தில் அடிக்கிற எதுவும் வேண்டாம்.

எச்.ஜே., எடின்பரோ: நான் சாப்பிடுகிற பதற்ற மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அளவு வேறு, உடம்பு வேறு. மருந்து உண்டு, கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு அமெரிக்காவில் குளோமிப்ரமின் 1998-இலும், ஃபுளுவாக்செட்டின் 2007-இலும் அனுமதி பெற்றன. ஃபுளுவாக்செட்டின் சரியாக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நான்காம் நாள் 'ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது. வெடிச்சத்தப் பயத்துக்கென்றே ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையில் தடவுகிற டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் இருக்கிறது.

ஏசிப்ரோமசின் என்ற அமைதியூட்டி மருந்து மட்டும் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: பயம் போகுமா? அது உடம்பைத்தான் கட்டிப்போடும், பயத்தைக் கட்டிப்போடாது. அசைய முடியாமல் பயந்துகொண்டே கிடப்பது கொடுமை.

மருந்து கொடுப்பது தோல்வி என்று நினைக்கிற அன்பர்களுக்கு: பீதியில் இருக்கிற மூளைக்குப் பாடம் ஏறாது. மருந்து பீதியைத் தணிக்கும், பயிற்சி பாடம் நடத்தும். இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும்.

அதே வாசகர்: ரத்தச் சோதனையில் தைராய்டு குறைவு என்று வந்திருக்கிறது. பதற்றத்துக்கு அதுதான் காரணமோ?

அவசரப்பட வேண்டாம். மற்ற நாய்களுக்கு 'குறைவு' என்று எழுதப்படும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவு, கிரேஹவுண்டுக்கு இயல்பாகவே இருக்கலாம். சிவப்பணு அளவோ மற்ற நாய்களைவிட அதிகம், அதனால்தான் ரத்ததானத்துக்குத் தேடி வருவார்கள். மருத்துவமனையில் எடுத்த ரத்த அழுத்தம் வீட்டில் எடுப்பதைவிட அதிகமாக இருக்கும், டாக்டரைக் கண்டால் எகிறுவது நமக்கு மட்டுமான வியாதி இல்லை. தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நெடுநேரம் ஆகும். கிரேஹவுண்ட் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடுங்கள்.

எஸ்.என்., ஸ்கார்பரோ: புளோரிடாவில் ஓடிய நாய். காதுக்குள் '56சி' என்று பச்சை குத்தியிருக்கிறது. இப்போது இரவெல்லாம் வீட்டைச் சுற்றி நடக்கிறது. புதிதாகப் பதற்றம் வந்துவிட்டதா?

அதன் ஜாதகம் வலது காதில் இருக்கிறது. 5 என்றால் மே மாதம். 6 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், அதாவது 2016. சி என்றால் அந்த ஈற்றில் மூன்றாவது குட்டி. இடது காதில் இருப்பது ஈற்றின் பதிவெண். ஆகவே உங்கள் வீட்டில் உலாத்துவது ஒரு முதியவர். கண், காது, மூட்டு, மூளை எதில் தேய்மானம் என்று மருத்துவரிடம் பாருங்கள். அதுவரை நடைவழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

டி.ஆர்., சென்னை: கிரேஹவுண்ட் பந்தயம் எப்போது தொடங்கியது?

இயந்திர முயலைத் துரத்த விடும் நவீனப் பந்தயத்துக்கு ஓவன் பேட்ரிக் ஸ்மித் 1919-இல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் திடல் திறந்தார். இங்கிலாந்தில் 1926 ஜூலை 24, மான்செஸ்டர் பெல் வியூ. ஒரு பந்தயம் ஏறத்தாழ அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்காக நாயின் இளமை முழுவதையும் கூண்டில் வைத்தார்கள். புளோரிடா மக்கள் 2018-இல் வாக்களித்து 2020 முடிவோடு மூடவைத்தார்கள். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் முடிவு கட்டப்போவதாக அறிவித்தது. என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

ஐ.எம்., பாரிஸ்: குளியலறை வரை பின்னாலேயே வருகிறது. இதுவும் நோயா?

பின்னால் வருவது பாசம். வராமல் இருக்க முடியாமல் போவதுதான் நோய். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக் தம் இத்தாலியன் கிரேஹவுண்டுகளின் பக்கத்தில், சான்சூசி அரண்மனை மேடையில் தம்மைப் புதைக்கச் சொல்லி வைத்தார். 1786-இல் அவர் இறந்ததும் தம்பி மகன் கேட்காமல் தேவாலயத்தில் புதைத்துவிட்டான். கடைசியில் 1991 ஆகஸ்டில்தான் நாய்களிடம் போய்ச் சேர்ந்தார். ஒட்டிக்கொள்வதில் மனிதனும் சளைத்தவன் இல்லை.

ஓ.பி., சிங்கப்பூர்: 'சிம்ப்சன்ஸ்' தொடரில் வருவது கிரேஹவுண்டா?

ஆமாம். 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான முதல் முழு அத்தியாயத்திலேயே பந்தயத்தில் கடைசியாக வந்து, சொந்தக்காரனால் விரட்டப்பட்டு, சிம்ப்சன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. தோற்றதால் அதற்கு அடித்தது யோகம்.

ஆர்.கே., பல்லாரட்: முகவாய்க்கூடு போட்டிருப்பதால் எல்லாரும் விலகிப் போகிறார்கள். அதனால் நாய் மிரள்கிறது. கட்டாயமா?

விக்டோரியா மாநிலத்தில் வளர்ப்பு கிரேஹவுண்டுக்குப் பொது இடத்தில் முகவாய்க்கூடு கட்டாயம் என்பது 2019 தொடக்கத்தில் நீங்கிவிட்டது. வார் மட்டும் இன்னும் கட்டாயம். வாரைக் கழற்றச் சொல்லி யார் கெஞ்சினாலும் கழற்றாதீர்கள்.

பி.எம்., டொராண்டோ: பயந்து ஓடித் தொலைந்துபோனால் எப்படிப் பிடிப்பது?

துரத்தாதீர்கள். அதை முந்த உங்களால் முடியாது. துரத்துகிற ஆளிடமிருந்து ஓடுவதுதான் பயந்த நாய்க்குத் தெரிந்த ஒரே வழி. கண்ணில் பட்டால் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். முகத்தைப் பார்க்காமல் மெல்லிய குரலில் பேசுங்கள், கோழித் துண்டை அருகில் போடுங்கள். காணவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்திய சட்டையையும் அதன் படுக்கையையும் வையுங்கள். கூட்டமாகப் போய்ப் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். பார்த்தவர்கள் துரத்தாமல் தகவல் மட்டும் சொல்லும்படி சுவரொட்டி ஒட்டுங்கள்.

இதைப் படிக்கிற எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். மைக்ரோசிப் பதிவில் இருப்பது உங்கள் இப்போதைய கைபேசி எண்தானா என்று இன்றே பாருங்கள். கழுத்துப்பட்டைத் தகட்டிலும் அதே எண் தெளிவாக இருக்கட்டும்.